அக்காமார் ஏறிய மலை

அந்த மைதானத்தில் அவருக்கு மலைக்காரர் என்று பெயர். பிறந்ததிலிருந்து ஒரு மலையையும் ஏறியதில்லை. வீட்டு மாடிப்படி ஏறும்போதே பாதியில் நின்று, சட்டைப் பையில் எதையோ தேடுவது மாதிரி பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்கிற ஆள். இருந்தாலும் மலைக்காரர்தான். பெண்கள் ஹாக்கி அணிக்காக மலையைத் தரைக்கு இறக்கிக் கொடுப்பது அவர் வேலை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு கண்ணாடி அறைகள், நடுவில் ஒரு குறுகலான நடை, நடையின் கோடியில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே மூன்று சிமெண்டுப் படிகள். பக்கத்துக் கொட்டகையில் இயந்திரம். வெளிக்காற்றில் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. இயந்திரம் அதில் கொஞ்சத்தைப் பிரித்துக் கூரை வழியாக வெளியே விட்டுவிட்டு, மிச்சக் காற்றை அறைக்குள் தள்ளும். சுவரில் உள்ள சின்னத் திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும். பதினாலு புள்ளி ஐந்தில் நின்றால், உள்ளே இருப்பவர்கள் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஓடுகிறார்கள் என்று அர்த்தம். கதவைத் திறந்து வெளியே வந்தால் பழையபடி தரை.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு ஆட்டத்துக்காக. அடுத்த மாதம் அணி ஆடப்போகிற ஊர் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பு ஒருமுறை அங்கே போய், முதல் பாதி முழுக்கச் சிங்கமாக ஆடிவிட்டு, இரண்டாம் பாதியில் இடுப்பில் கைவைத்து நின்று ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இந்தத் தடவை அந்தக் கூத்து வேண்டாம் என்று பயிற்சியாளர், எல்லோருக்கும் கோச் அம்மா, அடம்பிடித்து இயந்திரத்தை வாங்க வைத்தார்.

மலைக்காரர் அதற்குமுன் ஏசி மெக்கானிக். உடைமாற்றும் அறையின் ஏசியைப் பழுது பார்க்க வந்தவர், அதை மூன்று தடவை வந்து பழுது பார்த்தார். மூன்றாவது தடவை அது கெட்டே போயிருக்கவில்லை. அந்த மூன்றாவது வருகைக்கு ஆறு மாதம் கழித்து அணியின் நடுக்கள ஆட்டக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். எட்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. அணியில் இருக்கும் சின்னப் பெண்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் அவர்கள் எல்லோருக்கும் இவர் மாமா. மலைக்காரர் என்பது முதுகுக்குப் பின்னால்.

மனைவியைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அவள் ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய், பக்கத்தில் உட்காருகிறவரிடம் முதலில் ஒன்றும் தெரியாதவர்போல, "அந்தப் பதினாலாம் நம்பர் யாருங்க, நல்லா ஆடுறாங்களே" என்பார். அவர் பாராட்டிச் சொன்னதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நம்ம வீட்டம்மாதான்" என்பார். இரண்டாவது பெருமை அவருடைய இயந்திரம். அதன் பொத்தானில் வேறு ஒரு கை படக்கூடாது. படுத்தால் எழுந்தால் மெஷின். இரண்டு பெருமையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைக்கவில்லை.

பயிற்சி சொல்லும்போது சுலபம், செய்யும்போது உயிர் போகும். காலால் உந்தினால்தான் சுற்றும் டிரெட்மில்லில் ஆறு நொடி உயிரைக் கொடுத்து ஓடவேண்டும், கொஞ்சம் நிற்கவேண்டும், மறுபடி ஓடவேண்டும். இப்படிப் பத்து தடவை. முதல் ஓட்டத்தின் வேகத்தில் பத்தாவது ஓட்டத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் மதிப்பெண். நூற்றுக்கு எண்பது மிஞ்சினால் மலை ஊருக்குப் போகலாம். இருபத்திரண்டு பேரில் பதினெட்டு பேருக்குத்தான் இடம்.

அணியில் முப்பது தாண்டியவர்கள் நாலு பேர். சின்னப் பெண்களோடு சேர்ந்து ஓடினால் மூத்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று கோச் அம்மா அவர்களை மட்டும் இரண்டாவது அறையில் போட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். அந்த அறைக்கு அக்காமார் அறை என்று பெயர் வந்தது. மற்ற எல்லோரும் முறை வைத்து முதல் அறையில்.

முதல் வாரம் சின்னப் பெண்கள் எண்பதைத் தொட்டார்கள். மூன்றாவது வாரம் எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று ஏறினார்கள். அக்காமார் நாலு பேரும் எழுபத்தொன்றில் தொடங்கி, தலைகீழாக நின்று பார்த்தும் எழுபத்து நாலுக்குமேல் போகவில்லை. ஓடி முடித்ததும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டுகிற கிளிப்பில் சின்னப் பெண்களுக்கு எண்பத்தாறு, எண்பத்தேழு காட்டியது. அக்காமாருக்கு எழுபத்தெட்டு. அணியின் பிசியோதெரபிப் பெண் ஒவ்வொரு நாளும் அதை எழுதிக்கொண்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயசான நாலு பேர் ஒரே அறையில் ஓடுகிறார்கள், நாலு பேரும் மெதுவாக ஓடுகிறார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வயசு என்ற ஒரு வார்த்தை கையில் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதற்குமேல் மூளையைச் செலவழிப்பதில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒருநாள் மனைவி கீரையை ஆய்ந்தபடியே அவரைக் கேட்டாள். "அந்த ரெண்டாவது ரூம் சரியாத்தான் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல கணவன் எழுந்துபோய்ப் பார்த்திருக்கவேண்டும். மலைக்காரருக்கோ இயந்திரத்தைக் குறை சொன்னால் மூக்குக்குமேல் கோபம் வரும். கோபத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார்.

அவள் கீரைக்கட்டைப் புரட்டிப் போட்டாள். "அப்ப என் காலுதான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அணியின் இடது ஓர ஆட்டக்காரி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். பத்தொன்பது வயது, பட்டாசு என்று பட்டப்பெயர், மதிப்பெண் எண்பத்தெட்டு, அணியிலேயே அதிகம். அவள் வந்து சேரும்போது முதல் அறையில் அவளுடைய முறை முடிந்துபோயிருந்தது. அன்றைக்கு அக்காமாரில் ஒருவர் பல் வைத்தியரிடம் போயிருந்ததால் அந்த இடத்தில் ஓடு என்று கோச் அம்மா அவளை இரண்டாவது அறைக்கு அனுப்பினார். ஓடி முடித்தபோது பட்டாசு நமுத்துப்போயிருந்தது. மதிப்பெண் எழுபத்தைந்து, விரல் கிளிப்பில் எழுபத்தொன்பது. நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இந்த ரூம்ல மலை பெருசா இருக்கு மாமா" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்தால் இப்படித்தான் என்று கோச் அம்மா திட்டினார். மலைக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் அந்த வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்றது.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அறைகளைத் துடைத்து மூட வந்தார். இரண்டாவது அறையைக் கழுவிவிட்டு, தரை காயட்டும் என்று கதவைத் திறந்து அடியில் மரக்கட்டையைச் செருகினார். குனிந்தவர் அப்படியே நின்றார். இதே கட்டை, இதே கதவு, மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை.

விஷயம் இதுதான். திரையில் எண்ணைக் காட்டுவது உள்ளங்கை அளவு ஒரு சென்சார். அவர் அதை மூக்கு என்றுதான் சொல்வார். மாதம் ஒருமுறை மூக்கைக் கழற்றி வெளியே படிக்கட்டுக்குக் கொண்டுபோய், திறந்த வெளிக்காற்றில் பிடித்து, இதுதான் இருபது புள்ளி ஒன்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். உலகத்தில் எங்கே போனாலும் வெளிக்காற்று அதே எண்தான்; மலைமேல் காற்று மெலியுமே தவிர அந்தப் பங்கு மாறாது. பயிற்சி தொடங்குவதற்கு முந்தின அந்தத் திங்கட்கிழமை முதல் அறையின் மூக்கை ஒழுங்காக வெளியே கொண்டுபோய்ச் சரிபார்த்தார். அது முடிந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. புது மூக்கு நனையக்கூடாதே என்று வெளிக்கதவைச் சாத்திவிட்டு, இரண்டாவதை நடையிலேயே வைத்துச் சரிபார்த்தார். அப்போதுதான் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருந்த இரண்டாவது அறை, கட்டை செருகிய கதவோடு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த மலைக்காற்றெல்லாம் நடையில் வந்து நிறைந்திருந்தது. அந்த ஏழைக் காற்றைக் காட்டி, இதுதான் வெளிக்காற்று என்று மூக்குக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது மூக்கைக் கழற்றிக்கொண்டு படிக்கு ஓடினார். வெளியே ஒரு மேகமில்லை, நல்ல காற்று. திரையில் இருபத்து மூன்று புள்ளி ஐந்து. உலகத்தில் இல்லாத எண். முதல் அறையின் மூக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இருபது புள்ளி ஒன்பது. படியிலேயே உட்கார்ந்து காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். திரை பதினாலு புள்ளி ஐந்து என்று காட்டியபோதெல்லாம் இரண்டாவது அறையில் உண்மையில் இருந்தது பன்னிரண்டு புள்ளி ஒன்பது. மூவாயிரம் மீட்டர் அல்ல, கிட்டத்தட்ட நாலாயிரம். தன் பெண்டாட்டியையும் இன்னும் மூன்று பேரையும் மூன்று வாரமாக ஆயிரம் மீட்டர் அதிகமாக ஏற்றி ஓடவிட்டு, அவர்களுக்கு வயசாகிவிட்டது என்று ஊரையே நம்ப வைத்திருக்கிறார்.

கோச் அம்மாவின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஒட்டவேண்டிய பதினெட்டுப் பேர் பட்டியல் மேஜைமேல் இருந்தது. அதில் அக்காமார் ஒருவர் பெயரும் இல்லை என்பதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். கோச் அம்மா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க வீட்டம்மா பேரு லிஸ்ட்ல இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் சென்சார் கெட்டுப்போகுதா?" என்றார்.

கேட்டதில் என்ன தப்பு? கோச் அம்மா இடத்தில் மலைக்காரர் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். கோச் அம்மா மேஜை டிராயரைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். "இது உங்களுக்குத் தெரியுமா? காலையிலயே குடுத்துட்டுப் போனாங்க."

மனைவியின் கையெழுத்து. நாலே வரி. இதுவரை ஆடியதே போதும், சின்னவர்களுக்கு வழிவிடுகிறேன், என்னை அணியிலிருந்து விடுவிக்கவேண்டும். கடைசி வரியில், இயந்திரம் சொன்னபிறகு நான் பிடிவாதம் பிடிப்பது சரியில்லை என்று எழுதியிருந்தாள். பதினாலு வருஷ ஆட்டம். ஆள்மேல் ஆள் விழுந்து முழங்கால் கிழிந்தபோதும் தையல் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் இறங்கியவள், புருஷன் சொன்ன ஒரு வார்த்தைக்கு மட்டையைக் கீழே வைத்துவிட்டாள். மலைக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னை நம்ப வேணாம் மேடம். படிக்கு வந்து பாருங்க. அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

கோச் அம்மா வந்தார். இரண்டு மூக்கையும் தன் கையாலேயே பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றிப் பார்த்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். நாலாயிரம் மீட்டரில் எவளாவது மயங்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். மழைக்குக் குடை பிடிக்கத் தெரியாதா என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் தீர்ப்பு வந்தது. சென்சார் தப்பு என்பதற்காக யாருக்கும் இடம் கிடையாது. நாளைக் காலை நாலு பேரும் முதல் அறையில், உண்மையான மூவாயிரத்தில் ஓடட்டும். பிசியோ பெண் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வாள். மலைக்காரர் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது. மற்ற மூன்று பேருக்கும் தானே போன் செய்து சொல்வதாகச் சொன்னார். "உங்க வீட்ல நீங்களே சொல்லிக்கோங்க" என்றார்.

வீட்டில் அவள் பயிற்சிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக மடிப்பதைவிட அழகாக, திரும்ப எடுக்காத துணியை மடிப்பதுபோல.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"எனக்காகச் சொல்றீங்களா?"

"உனக்காகச் சொல்றவனா இருந்தா நீ கேட்ட அன்னிக்கே போய்ப் பார்த்திருப்பேன்."

அந்தப் பதிலில் இருந்த உண்மை அவளை நம்பவைத்தது. நம்பியதும் கோபம் வந்தது. வந்த கோபம் சாமானியக் கோபம் இல்லை. "மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு என் முழங்காலைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மூணு பேரும் என்கிட்ட வந்து அழுதாங்க. வயசாச்சுடி, ஏத்துக்கலாம்னு நான்தான் அவங்களைத் தேத்தினேன். நீங்க மழையில நனையக்கூடாதுன்னா?"

நனையக்கூடாது என்று நினைத்தது மூக்கைத்தான், தன்னை இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், நல்லவேளையாகச் சொல்லவில்லை. அவள் மடித்த சட்டைகளில் ஒன்றை உருவி உதறிக் கொடியில் போட்டாள். அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் மலைக்காரர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த மழை நாளில் இரண்டாவது மூக்கை வைத்துச் சரிபார்த்திருக்கவேண்டிய இடம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இயந்திரத்தை வேறொருத்தி ஓட்டுகிறாள். பத்து நாளைக்கு முன்னால் என்றால் அதற்கே அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். இன்றைக்கு அது நினைவிலேயே இல்லை. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, சத்தம் நன்றாகக் கேட்டது. டிரெட்மில் பெல்ட்டின் சத்தம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு பெல்ட்டில் கதவோரமாக இருப்பது அவளுடையது. பாதம் விழும் விதத்திலேயே தெரியும்.

ஒன்று. படபடவென்று ஆறு நொடி, பிறகு அமைதி. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒரு பெல்ட் தயங்கியது, அது அவளுடையது இல்லை. ஆறு. இரண்டாவது அறையில் இந்த ஆறாவதில்தான் அவள் சத்தம் இழுக்க ஆரம்பிக்கும். இழுக்கவில்லை. ஏழு. அவர் கை தானாக முழங்காலைப் பிடித்துக்கொண்டது. எட்டு, ஒன்பது. இடைவெளியில் யாரோ உள்ளே கத்தினார்கள், வார்த்தை புரியவில்லை. பத்தாவது ஓட்டம் தொடங்கியது. முதல் ஓட்டத்தின் சத்தமே திரும்ப வந்தது என்று நினைத்தார். அதே வேகம், அதே அடி. ஆறு நொடிக்குப் பிறகும் அந்த ஒரு பெல்ட் மட்டும் இரண்டு நொடி கூடுதலாக ஓடியது. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

கதவைத் திறந்தது கோச் அம்மா. மற்ற மூன்று பேருக்கும் எண்பத்து நாலு, எண்பத்தாறு, எண்பத்தேழு. அவளுக்குத் தொண்ணூற்றொன்று. அணியில் யாரும் இதுவரை தொடாத எண். கோச் அம்மா அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாயிரம் மீட்டர்ல எழுபத்து நாலு எடுத்தவங்களைக் கிழவிங்கன்னு நினைச்சேன் பாருங்க" என்றார். பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டி, அதை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

பிறகு அணி முழுவதையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். பதிவேட்டில் மலைக்காரர் ராத்திரியே எழுதிவைத்திருந்ததை அவரையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். மழை பெய்ததால் வெளியே கொண்டுபோகவில்லை, நடையில் வைத்துச் சரிபார்த்தேன், கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை, தவறு என்னுடையது, இயந்திரத்தினுடையது அல்ல. இரண்டு வாரத்துக்கு அவர் இயந்திரத்தைத் தொடக்கூடாது, இனிமேல் எப்போது மூக்கைச் சரிபார்த்தாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்று கோச் அம்மா சொன்னார். அது நியாயம் என்றுதான் அவருக்கும் பட்டது.

பட்டியல் மாறியது. அக்காமார் நாலு பேர் மேலே போனால் நாலு சின்னப் பெண்கள் கீழே வரத்தானே வேண்டும். பட்டாசு தப்பினாள். கீழே வந்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள், அக்காமாரே போய் அணைத்துக்கொண்டார்கள். அழுது முடித்த ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மலைக்காரரிடம் வந்தாள்.

"மாமா, அடுத்த தடவை எங்களையும் அக்காமார் ஏறின மலைக்கே ஏத்துங்க."

கோச் அம்மா ஒரு அதட்டு அதட்டினார். ஆனாலும் அக்காமார் நாலு பேரும் தலை நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்க்கவேண்டுமே. மூன்று வாரமாக வளைந்திருந்த முதுகுகள் அவை.

கூட்டம் கலைந்ததும் அவர் மறுபடி படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டை முழுக்க வியர்வை, விரலில் இன்னும் அந்தக் கிளிப். அதைக் கழற்றி, எதுவும் கேட்காமல் அவர் விரலில் மாட்டினாள். ஆக்சிஜன் தொண்ணூற்றேழு, நல்ல வெளிக்காற்று. கீழே நாடித் துடிப்பு நூற்று முப்பத்திரண்டு.

"ஓடினது நானா, நீங்களா?" என்றாள். நேற்றிலிருந்து பேசிய முதல் வார்த்தை.

"தொண்ணூத்தொண்ணு" என்று மட்டும் அவர் சொன்னார். சொன்ன விதத்தில் அவருடைய பெருமை மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

அவள் கிளிப்பின் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இப்பச் சொல்லுங்க. மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாது. நான்தான் சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். மைதானத்தில் பட்டாசு அக்கா, அக்கா என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாடி நூற்றுக்குக் கீழே இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இறங்கியதும் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.